மச்சானின் விளையாட்டுப் பொருள் கடையில் 30 இலட்சம் போடலாமா?

ஹட்டன் டவுனில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கும் உங்கள் மச்சான், 30 இலட்சம் தந்தால் கால் பங்கு தருகிறேன் என்கிறார். மூன்று வருடமாக விற்பனை ஏறுகிறது. அமெரிக்காவில் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் கூட்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் சாதனை விற்பனை காட்டியதாகப் படித்திருக்கிறீர்கள். ஆகவே இந்தத் துறைக்கு நல்ல காலமா, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துறையைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் எழுதியிருக்கும் கணக்கைப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டியது வேறு: உங்கள் 30 இலட்சம் அந்தக் கடைக்குள் போய் என்ன வேலை செய்யப்போகிறது?

நான் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். விளையாட்டுப் பொருள் கடைகளும் அதில் உண்டு. உங்கள் மச்சானின் கடையை நான் பார்த்ததில்லை, அதனால் நீங்கள் தந்த எண்களைத் தாண்டிச் சொல்லும் இடங்களை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களை மற்றவர்களுக்காகவும் ஒருமுறை எடுத்துச் சொல்கிறேன். 2023, 2024, 2025 மார்ச் 31இல் முடிந்த மூன்று வருடங்களில் விற்பனை 210 இலட்சம், 262 இலட்சம், 310 இலட்சம். மொத்த இலாப வீதம், அதாவது நூறு ரூபாய் விற்பனையில் சாமானின் அடக்கவிலை போக மிஞ்சுவது, 28, 27, 24. தேறிய இலாபம் 22, 25, 24 இலட்சம். வருட முடிவில் இருப்பு, அதாவது கடையில் கிடக்கும் சாமான், 68, 94, 141 இலட்சம். கடைசி வருடத்தில் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய கடன் 22இலிருந்து 38 இலட்சமாகவும், கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டியது 31இலிருந்து 66 இலட்சமாகவும், வங்கி ஓடி (மேலதிகப்பற்று) 5இலிருந்து 24 இலட்சமாகவும் ஏறியிருக்கின்றன. மச்சான் சொந்தச் செலவுக்கு எடுத்தது 15 இலட்சம்.

இப்போது கடைசி வருடத்துக் காசு எங்கே போனது என்று பாருங்கள். சாமானில் 47 இலட்சம் கூடுதலாக மாட்டியிருக்கிறது. வரவேண்டிய கடனில் 16 இலட்சம். வீட்டுக்கு 15 இலட்சம். மொத்தம் 78 இலட்சம். இதற்கு ஈடுகொடுத்தது 24 இலட்சம் இலாபம், புறக்கோட்டைக்காரரின் 35 இலட்சம், வங்கியின் 19 இலட்சம். சரியாக 78. ஒரு பக்கம் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தோஷப்படலாம். மறுபக்கம், 30 இலட்சம் கேட்பது எதற்கு என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது கிளை போடவோ ஜேர்சி பிரிண்ட் மெஷின் வாங்கவோ அல்ல. ஏற்கெனவே வாங்கி அடுக்கிவிட்ட சாமானுக்குப் பணம் கட்டத்தான். திகதி போட்டுக் கொடுத்த செக்குகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கடைசி வரி மட்டும் ஊகம், மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

பணம் எதற்கு என்று மச்சான் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் பெரிதாகிறது என்றே அவர் உண்மையாக நம்பலாம். பொதுவாக, கடைக்காரர் விற்பனையைத்தான் தினமும் பார்ப்பார். இருப்பை வருடத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார், அதுவும் வரிக் கணக்குக்காக.

விளையாட்டுப் பொருள் கடையின் உயிர் இருப்பில்தான் இருக்கிறது. முதல் வருடம் 68 இலட்ச இருப்பு, விற்ற சாமானின் அடக்கவிலை 151 இலட்சம். அதாவது சுமார் ஐந்தரை மாதத்துக்கான சாமான். இரண்டாம் வருடம் ஆறு மாதம். மூன்றாம் வருடம் ஏழு மாதத்துக்கு மேல். நீங்கள் சொன்ன டிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ ஐந்து மாதச் சாமானோடு ஓடுகிறது, அதுவும் நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் பெரிய களஞ்சியங்களையும் சேர்த்து. புறக்கோட்டைக்கு லொறி அனுப்பினால் அடுத்த நாள் சாமான் வந்து இறங்கும் ஹட்டன் கடைக்கு ஏழு மாதம் என்பது அதிகம்.

இதில் இன்னொன்று இருக்கிறது, வெளியாட்கள் கவனிக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இந்த வியாபாரத்தின் பெரிய காலம் பாடசாலை முதலாம் தவணை. இல்ல விளையாட்டுப் போட்டி, பிக் மேட்ச், நான்கு இல்லத்துக்கும் நான்கு நிறத்தில் ரீ-சேர்ட், ஸ்பைக், குண்டு, ஈட்டி, கிண்ணம், பதக்கம் எல்லாம் அப்போதுதான் போகும். கொவிட்டுக்குப் பிறகு பாடசாலை நாட்காட்டி தள்ளிப்போனது ஞாபகம் இருக்கும். 2023 கல்வியாண்டு மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. 2024 பெப்ரவரி நடுப்பகுதி தாண்டி. 2025 ஜனவரி இறுதியில். ஆக, 2023 மார்ச் 31இல் கடை சீசனுக்காக நிரம்பி இருந்திருக்கவேண்டும், 2025 மார்ச் 31இல் சீசனில் பெரும்பகுதி முடிந்து காலியாகத் தொடங்கியிருக்கவேண்டும். உங்கள் மச்சானின் கணக்கில் தலைகீழாக இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்புப் போட்டிகளுக்காக முன்கூட்டி வாங்கினேன் என்று அவர் சொல்லலாம். அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் 47 இலட்சத்துக்கு அந்த ஒரு காரணம் போதாது.

அந்த 141 இலட்சம் உண்மையில் 141 இலட்சம் பெறுமா? இலங்கைக் கணக்கீட்டு நியமம், எல்கேஏஎஸ் 2, இருப்பை வாங்கிய விலை அல்லது விற்றால் கையில் தேறும் விலை, இரண்டில் எது குறைவோ அதில் காட்டச் சொல்கிறது. சின்னக் கடைகளில் நான் பார்த்தவரை எல்லாமே வாங்கிய விலையில்தான் எழுதப்படும். விளையாட்டுச் சாமான் அப்படி எழுதிவைக்கக்கூடிய சாமான் அல்ல. சப்பாத்தை எடுங்கள். 7, 8, 9 சைஸ்கள் முதல் மாதமே போய்விடும். மிஞ்சுவது 5உம் 11உம். இருப்புப் பட்டியலில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே விலை. போதாக்குறைக்கு ஹட்டன் ஈரம். பொலியூரித்தேன் அடிப்பகுதி உள்ள சப்பாத்து காலில் போடாமலே, பெட்டிக்குள் இருந்தே, ஈரப்பதத்தால் சில வருடங்களில் உதிர்ந்துபோகும். வெளியே புதுசு போல இருக்கும், பத்து அடி நடந்தால் அடிப்பாகம் கேக் மாதிரி பிய்ந்து வரும். பட்டிங் கையுறையின் தோலில் பூஞ்சை பிடிக்கும். லெதர் பந்து நிறம் மாறும். (இறகு ஷட்டில் மட்டும் விதிவிலக்கு. அது வறண்ட இடத்தில்தான் சீக்கிரம் முறியும், எங்கள் ஈரம் அதற்கு நல்லது. அதை மட்டும் வைத்துக் கடை நடத்த முடியாது.) அப்புறம், பெயரும் இலக்கமும் அடித்து, யாரும் எடுக்க வராத ஜேர்சிகள். அதற்கு மறுவிலை என்று ஒன்றே கிடையாது.

டொலர் கதையும் இதற்குள் புகுந்திருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது. அப்போது பழைய விலைச் சாமான் கையில் வைத்திருந்த எல்லாக் கடைக்காரரும் நல்ல இலாபம் பார்த்தார்கள். உங்கள் கணக்கில் முதல் வருடம் 28 வீதம் என்று தெரிவது அந்த அதிர்ஷ்டத்தின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். ஆகவே 28இலிருந்து 24க்கு இறங்கியதை மட்டும் வைத்து வியாபாரம் கெட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன், வழக்கமான நிலைக்குத் திரும்பியதாகவும் இருக்கலாம். ஆனால் அதே டொலர் பிறகு 300க்குக் கிட்ட இறங்கியது. 360 ரூபாய்க் காலத்தில் வாங்கிய சாமான் இன்னும் தட்டில் இருந்தால், பக்கத்துக் கடைக்காரர் புதிதாக இறக்கிய அதே சாமானைவிட அதன் அடக்கவிலையே கூட. 2024 ஜனவரியில் வற் (பெறுமதிசேர் வரி) 15இலிருந்து 18 வீதமாக ஏறியது இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கும், முழுவதும் மூடியிருக்காது. இப்படிப்பட்ட சாமான் எவ்வளவு என்று ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

விற்பனை கடைசி வருடம் 18 வீதம் ஏறியது விலைவாசியால் அல்ல, அதைத் துணிந்து சொல்லலாம். 2022 செப்டெம்பரில் 70 வீதம் அளவுக்குப் போன பணவீக்கம் 2024 கடைசியில் பூச்சியத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆகவே கூடுதலாக விற்றிருக்கிறார். எதை விற்றார் என்பதுதான் கேள்வி. இலாப வீதம் இறங்கி, வரவேண்டிய கடனும் சேர்ந்து ஏறினால், பெரும்பாலும் ஜேர்சி ஓர்டர்தான். தோட்டத்து டிவிஷன் ஒவ்வொன்றிலும் ஒரு மென்பந்து அணி, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொழும்பிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு சுற்றுப்போட்டி, அதற்குப் பதினைந்து ஜேர்சி. கொழும்பில் பிரிண்ட் செய்து வாங்கிக் கொடுப்பதில் கடைக்காரருக்கு மிஞ்சுவது கொஞ்சம். பணம் பாதி முன்னால், மீதி “கப் அடிச்சிட்டு வந்து தாறோம் அண்ணே”. கப் அடிக்காத அணிகளின் மீதி பல வருடம் கொப்பியில் இருக்கும். பாடசாலைக் கடன் வேறு மாதிரி. அதிபர் மாறலாம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடத் தாமதமாகலாம், ஆனால் பில் சரியாக இருந்தால் செக் எப்படியும் வரும். ஆகவே 38 இலட்சத்தைப் பாடசாலை, கழகம், தனியாள் என்று பிரித்துக் கேளுங்கள். கழகக் கடனில் ஆறு மாதம் தாண்டியதில் பாதியை நான் கணக்கிலிருந்து அடித்துவிடுவேன். அது என் பழக்கம், சட்டம் இல்லை.

இலாபத்துக்கு வருவோம். 24 இலட்சத்தில் கால் பங்கு 6 இலட்சம், 30 இலட்சத்துக்கு வருடம் 20 வீதம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். அந்த 24 இலட்சத்தில் அவருடைய சம்பளம் கழிக்கப்படவில்லை. கடை அவருடைய அப்பாவின் கட்டிடத்தில் என்பதால் வாடகையும் இல்லை. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை நிற்கும் ஒருவருக்கு மாதம் ஒரு இலட்சம், அந்த இடத்துக்கு 60,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து வருடம் 19 இலட்சம். மிஞ்சுவது 5 இலட்சத்துக்கும் குறைவு, உங்கள் கால் பங்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் அளவு. 30 இலட்சத்துக்கு 4 வீதம். வங்கி நிலையான வைப்பே 2025இல் 7, 8 வீதம் தந்தது. நான் போட்ட சம்பளமும் வாடகையும் கூடுதல் என்று நீங்கள் நினைத்தால் குறைத்துப் பாருங்கள், ஆனால் பூச்சியம் என்று மட்டும் வைக்காதீர்கள். மச்சான் சம்பளம் எடுக்கமாட்டேன் என்று இன்று சொல்லலாம். பிள்ளைகள் கம்பஸ் போகும் வயதில் அந்தப் பேச்சு நிற்குமா?

சரி, அமெரிக்கா. டிக்ஸ் நிறுவனத்தின் 2024 நிதியாண்டு விற்பனை 13.4 பில்லியன் டொலர், மொத்த இலாப வீதம் கிட்டத்தட்ட 36. அந்த 36 கடை வாடகையையும் கழித்த பிறகு வரும் எண் என்பதால் உங்கள் மச்சானின் 24க்கும் அதற்கும் உள்ள தூரம் பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரிது. அங்கே சொந்த பிராண்ட், பெரிய கம்பனிகளோடு நேரடிப் பேரம் எல்லாம் இருக்கின்றன, ஹட்டனுக்குப் பொருந்தாது. பொருந்துவது வேறு இரண்டு விஷயம். 2023 ஓகஸ்டில் இதே டிக்ஸ், காலாண்டு விற்பனை 3.6 வீதம் கூடியும் இலாபம் 23 வீதம் விழுந்ததாக அறிவித்தது. தேங்கிய வெளிப்புறச் சாமானை விலை குறைத்துத் தள்ளியதும் கடைத் திருட்டும் காரணம். ஒரே நாளில் பங்கு விலை 24 வீதம் சரிந்தது. மற்றது ஸ்போர்ட்ஸ் ஆதோரிட்டி. 450க்கு மேல் கடை வைத்திருந்த கம்பனி, ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கடனோடு 2016 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு, அதே வருடத்தில் கடைகளையெல்லாம் மூடியது. அமெரிக்கர்கள் அப்போது விளையாடுவதை நிறுத்திவிடவில்லை. கடன்தான் கழுத்தை நெரித்தது.

இனி நம் பக்கத்து எதிர்காலம். மலையகத்தில் விளையாட்டுக்கு ஆசை குறையாது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கையில் காசு இருக்குமா என்பதில்தான். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. இடையில் சப்பாத்தின் விலை எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே எங்கள் கடைகளில் ஓடுவது மென்பந்து மட்டை, டெனிஸ் பந்து, கரப்பந்து, மலிவு சப்பாத்து. ஒரு சாமானில் கிடைக்கும் இலாபம் சின்னது. பெரிய வாடிக்கையாளர் பாடசாலைதான், ஆனால் நாட்டில் பிறப்பு 2014இல் 3.5 இலட்சம் அளவில் இருந்தது, 2024இல் 2.2 இலட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னும் சில வருடத்தில் முதலாம் வகுப்பில் அது தெரியும், பத்து வருடத்தில் அணிகளில் தெரியும். விலை தெரிந்த பிள்ளைகள் டராஸ் இணையக் கடையில் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். ஹட்டனுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு: டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக்காரர் வழியாகப் போவார்கள். கம்பளித் தொப்பி, ஜாக்கெட், டோர்ச், ரப்பர் அடிச் சப்பாத்து வைத்திருக்கும் கடைக்கு ரொக்க வியாபாரம், கடன் கிடையாது. உங்கள் மச்சானின் கணக்கில் அது தனியாகக் காட்டப்படவில்லை. நான் அவராக இருந்தால் ஜேர்சியைக் குறைத்து அதைப் பெருக்குவேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் மைதானங்கள் நனைந்து கிடக்கும்போது கெரம் போர்டும் பட்மின்டனும்தான் கடையைத் தாங்கும்.

டொலரும் இறக்குமதி வரியும் எங்கே போகும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். வற் பதிவுக்கான எல்லை 2024 ஜனவரியில் வருட விற்பனை 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனாக இறக்கப்பட்டது. இந்தக் கடை 31 மில்லியனில் இருக்கிறது, ஆனால் எல்லை மேலும் கீழே வந்தால் கணக்கு வேலையும் விலையும் மாறும். சேரும் நாளில் அப்போதைய எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையக வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்ட பிறகு நான் எல்லாக் கடைக்காரரிடமும் கேட்பது ஒன்று: காப்புறுதி தீக்கு மட்டுமா, வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் உண்டா? பொலிசியை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. பங்குடைமையில் சேர்ந்தால் கடையின் கடனுக்கு உங்கள் 30 இலட்சத்தோடு பொறுப்பு முடியாது, உங்கள் வீடு வாசல் வரைக்கும் வரும். மூலதனம் 1000 ரூபாய்க்கு மேற்பட்டால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் செல்லும். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று யாராவது சொன்னால் அவரையும் சாட்சிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். உதவித்தான் ஆகவேண்டும் என்றால், பங்காகப் போடாமல், திருப்பிக் கட்டும் திகதியும் வட்டியும் எழுதிய கடனாக, 30க்குப் பதில் நட்டமானாலும் தாங்கக்கூடிய தொகையாகக் கொடுங்கள். இன்றைய எண்களுக்குக் கால் பங்கின் விலை 30 இலட்சம் அல்ல என்பது என் முடிவு. எவ்வளவு என்பதை இருப்பை எண்ணாமல் என்னால் சொல்ல முடியாது.

அதற்கு நாளும் வருகிறது. மார்ச் 31 அன்று அவர் எப்படியும் இருப்பு எண்ணவேண்டும். நீங்கள் கொழும்பிலிருந்து முதல்நாளே வந்து, உதவிக்கு என்று சொல்லிக் கூட நில்லுங்கள். முன்வரிசையை அவர் எண்ணட்டும், நீங்கள் மேல்தட்டையும் பின்னறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பேனாவால் எழுதிய அடக்கவிலைக் குறியீடு இருந்தால் அதன் அர்த்தத்தைக் கேளுங்கள், எந்த வருடம் வாங்கியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதைத் தனிக் கொப்பியில் போடுங்கள். புறக்கோட்டைக்காரர்களின் கணக்குக் கூற்றையும் செக் புத்தக அடிக்கட்டையையும் அன்றே பார்த்துவிடலாம். அந்தத் தனிக் கொப்பியின் கூட்டுத்தொகை 20 இலட்சத்துக்குள் இருந்தால் மறுபடி இங்கே எழுதுங்கள், விலை பேசுவதைப் பற்றிச் சொல்கிறேன். 40 தாண்டினால் சாப்பிட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்புங்கள், பங்குப் பேச்சை எடுக்கவேண்டாம்.